கஞ்சாச் சட்டமும் பெற்றோர் கடமையும்



கனடா தேசத்தில் கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தது 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 17ந் திகதி. ஆண்டுகள் பல சென்றும், அச்சட்டத்தைப்பற்றிய மயக்கம் நமது குடும்பங்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை. "இப்போது இது குற்றமில்லையாம், சுவாமி, அப்படியானால் பாவமும் இல்லையா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை ஏற்கெனவே அப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டுப்போன வீட்டிலோ கேள்வி இன்னும் கனமானது. "அரசாங்கமே விக்குது, நீங்கள் ஏனம்மா கத்துறியள்?" என்று மகன் கேட்க, தாய் மறுமொழி தெரியாமல் நிற்கிறாள். தகப்பனோ கோபத்தில் கையை ஓங்குகிறார்; அல்லது ஒன்றும் காணாதவர்போல் வேலைக்குப் போய்விடுகிறார்.

அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய மறுமொழியைத் தேடுவதே இந்தப் பாடத்தின் நோக்கம். முதலாவது, சட்டம் உண்மையில் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். இரண்டாவது, மனுஷருடைய சட்டம் எதுவரை செல்லும் என்பதை ஆராய்வோம். மூன்றாவது, அந்தச் செடியின் இன்றைய இயல்பை அறிவோம். கடைசியாக, அடிமைப்பட்ட பிள்ளையையுடைய வீட்டார் செய்யவேண்டியதைத் தெரிந்துகொள்வோம்.

1. சட்டம் சொல்வது என்ன?

ஒரு சட்டத்தைப்பற்றி வாதாடுமுன் அதை அறிந்துகொள்ளுதல் நலம். கஞ்சா இந்நாட்டில் 1923ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. 2013ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே தேசம், நாடு முழுவதற்கும் அதை அனுமதித்து முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அதற்கடுத்ததாக அவ்வழியே சென்ற தேசம் கனடா.

ஏன் அவ்வழியே சென்றது? சட்டத்தின் ஏழாம் பிரிவு அதன் நோக்கங்களை வரிசையாய்க் கூறுகிறது. அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது, இளம் பிராயத்தார் கைக்குக் கஞ்சா எட்டாதபடி தடுத்து, அவர்களுடைய சுகத்தைக் காப்பது. கள்ளச் சந்தையைக் குறைப்பதும், நீதிமன்றங்களின் சுமையைத் தணிப்பதும், வளர்ந்தவர்களுக்குப் பரிசோதிக்கப்பட்ட சரக்குக் கிடைக்கச் செய்வதும் மற்ற நோக்கங்களுட் சில. ஆகவே, "சட்டமே இதை நல்லதென்று சொல்லிவிட்டது" என்று பிள்ளை கூறுவது சரியல்ல. இளைஞருக்கு இது ஆபத்து என்று எண்ணியே அச்சட்டம் எழுதப்பட்டது.

விதிகளையும் கவனியுங்கள். ஒன்ராறியோவில் 19 வயது நிறையாதவர் கஞ்சாவை வாங்கவும் வைத்திருக்கவும் பாவிக்கவும் கூடாது. கியூபெக் மாகாணம் தொடக்கத்தில் 18 வயதென்று வைத்து, பின்பு மனம் மாறி, 2020 ஜனவரி 1ந் திகதி முதல் அதை 21 ஆக உயர்த்தியது. வளர்ந்தவர் ஒருவர் பொது இடத்தில் 30 கிராமுக்கு மேற்பட்ட உலர்ந்த கஞ்சாவை வைத்திருக்கக் கூடாது. 18 வயது நிறையாதவருக்கு அதை விற்கிற அல்லது கொடுக்கிற வளர்ந்தவர் 14 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு உள்ளாகக்கூடும். தமையன் தம்பிக்கு "சும்மா ஒருக்கா" கொடுத்தாலும், கொடுத்தது கொடுத்ததுதான்.

நமது சனங்கள் விசேஷமாய் அறியவேண்டியது ஒன்றுண்டு. குடியுரிமை இன்னும் பெறாமல், நிரந்தர வதிவுரிமை மட்டும் உடையவர்கள் நம்மிடையே பலர். பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தீர்ப்படைந்தால், அந்த வதிவுரிமையே பறிபோகக்கூடும். போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்தின் உச்சத் தண்டனை 2018 டிசம்பர் முதல் பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது. எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்கோ, விமானத்தில் இலங்கைக்கோ, ஒரு சிட்டிகை கஞ்சாவைக் கொண்டுபோவதும் குற்றமே. "இப்ப எல்லாம் சட்டத்துக்குட்பட்டதுதானே" என்ற ஒரே வார்த்தையை நம்பி நடக்கிற பிள்ளை, சட்டத்தின் கையிலேயே அகப்படக்கூடும்.

கடைகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் தனியார் கடைகள் 2019 ஏப்ரல் 1ந் திகதி முதல் திறக்கப்பட்டன. அதற்கு முன்பாக, கடை வேண்டாமென்று விலகிக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நகரசபைக்கும் கொடுக்கப்பட்டது. மார்க்கம் நகரசபை விலகிக்கொண்டது. ரொறன்ரோ நகரசபை அனுமதித்தது. இரண்டு நகரங்களுக்கும் நடுவே கிடப்பது ஸ்டீல்ஸ் வீதி ஒன்றே. நகரசபை போடும் வேலியின் அகலம் அவ்வளவுதான். பிள்ளைக்கு உண்மையான வேலி வேறெங்கோ போடப்படவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

2. மனுஷருடைய சட்டம் எதுவரை செல்லும்?

குருமடத்தில் தத்துவம் படிக்கும் எவரும் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் எழுப்பிய கேள்வியொன்றைச் சந்தித்தே தீரவேண்டும்: மனுஷருடைய சட்டம் எல்லாத் தீய பழக்கங்களையும் தடுக்கவேண்டுமா? தேவையில்லை என்பதே அந்த மகா சாஸ்திரியாரின் தீர்ப்பு. மனுஷருடைய சட்டம் பெருந்தொகையான சனங்களுக்காக ஏற்பட்டது. அவர்களுட் பெரும்பான்மையோர் புண்ணியத்தில் தேறினவர்களல்லர். ஆகையால், பெரும்பாலோர் விலகக்கூடிய பாரதூரமான தீமைகளை, முக்கியமாகப் பிறருக்குக் கேடு விளைத்துச் சமுதாயத்தையே குலைக்கிற கொலை களவு முதலியவற்றை, அது தண்டிக்கிறது. மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளுகிறது. பொறுத்துக்கொள்வது வேறு, மெச்சிக்கொள்வது வேறு.

இந்த வேற்றுமையை நமது பிள்ளைகளுக்கு உதாரணங்களால் விளக்கலாம். பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வருஷக்கணக்காய் எட்டிப்பாராத மகனைப் பொலிஸார் பிடிப்பதில்லை. பொய்யாணையிட்டு ஒரு பெண்ணின் மனத்தை முறித்தவனை எந்த நீதவானும் சிறையிலடைப்பதில்லை. சம்பளம் முழுவதையும் சூதாட்ட மண்டபத்தில் இழந்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் தகப்பனுக்கும் சட்டத்தில் தண்டனையில்லை. இவை நல்லவையாகிவிட்டனவா?

இந்தச் சட்டத்தை இயற்றினவர்கள் சொன்ன நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. சிறிதளவு கஞ்சாவுடன் அகப்பட்ட இளைஞர் குற்றவாளிப் பட்டியலில் ஏறி, வேலையும் படிப்பும் கெட்டு, வாழ்நாள் முழுவதும் அந்த வடுவைச் சுமந்தனர் என்றார்கள். அது மெய்தான். தண்டனை ஒன்றினாலே போதைப்பழக்கம் ஒழிந்துவிடவில்லை என்பதும் மெய்தான். ஆனால் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2014 யூன் மாதத்தில் ரோமாபுரியில் கூடிய போதைத்தடுப்பு அதிகாரிகளிடம் பேசியபோது, எவ்வகைப் போதைப்பொருளுக்கும் "வேண்டாம்" என்றே சொல்லவேண்டும் என்றும், இலேசானவை என்று சொல்லப்படுகிறவற்றைச் சட்டத்தால் அனுமதிப்பதும் நினைத்த பலனைத் தராது என்றும் எச்சரித்தார். 1992ல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மருத்துவக் காரணத்துக்காகவன்றிப் போதைப்பொருளைப் பாவிப்பது கனமான குற்றமென்று போதிக்கிறது. டொக்டர் நோய்க்கென்று எழுதிக்கொடுப்பது வேறு விஷயம். அதை இதனோடு குழப்ப வேண்டாம்.

சரீரமும் புத்தியும் நமக்குச் சர்வேசுரன் ஒப்புவித்த பொருள்கள். அவற்றைப் பழுதாக்காமல் காப்பது ஐந்தாம் கட்டளைக்கு அடங்கியது. எந்தப் பாராளுமன்றமும் அதை நீக்கவில்லை, நீக்கவும் இயலாது.

3. இன்றைய கஞ்சா எப்படிப்பட்டது?

"ஊரிலே சாமியார்மார் அந்தக் காலத்தில் புகைத்ததுதானே, அவர்களுக்கு என்ன வந்தது?" என்று சில பெரியவர்கள் அலட்சியமாய்ப் பேசுவதுண்டு. அவர்கள் கண்ட செடியும் இன்று கடையில் விற்கப்படும் சரக்கும் பெயரில் ஒன்று, வலிமையில் வேறு. போதை தருவது அதிலுள்ள டி.எச்.சி. என்னும் இரசாயனம். 1980ஆம் ஆண்டுகளில் உலர்ந்த கஞ்சாவில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்காக இருந்தது. இன்று 15 பங்கு சாதாரணம். 30 பங்குவரை உள்ள வகைகளும் உண்டு. பிழிந்தெடுத்துச் செறிவாக்கிய சத்துக்களில் அது இன்னும் மிக அதிகம். கள்ளையும் வடித்த சாராயத்தையும் ஒன்றென்று யார் சொல்லுவார்?

பாவிக்கும் விதமும் மாறிவிட்டது. வேப் கருவியில் இழுத்தால் பழைய மணம் வீசுவதில்லை. மிட்டாய், கேக், சொக்கலேற் வடிவிலும் கிடைக்கிறது. சட்டப்படியான ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது, கள்ளச் சந்தையில் விற்கப்படுவதற்கு அந்த அளவு கிடையாது. புகைத்தால் போதை உடனே ஏறும். தின்றாலோ அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே ஏறும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொன்றைத் தின்றவன் பிறகு தவிக்கிறான். வீட்டிலே வைத்த மிட்டாயைச் சின்னப் பிள்ளைகள் அறியாமல் தின்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுவதும் ஒன்ராறியோவில் பெருகியிருக்கிறது. சட்டப்படியான பொட்டலத்தில் சிவப்பு எண்கோணச் சின்னமொன்று, கஞ்சா இலையோடு பதிக்கப்பட்டிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் அந்தச் சின்னத்தை அறிந்திருத்தல் நல்லது.

இதைப் பாவிக்கும் எல்லாரும் அடிமைப்படுவதில்லை. பாவிப்பவர்களில் ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர் அடிமைப்படுகிறார். ஆனால் பதின்ம வயதிலே தொடங்கினவர்களிலோ ஆறு பேரில் ஒருவர். காரணம், மனுஷ மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. காயாத சீமெந்தில் பதிந்த கால்தடம் நிலைத்துவிடுவதுபோல, வளரும் மூளையில் பழக்கம் ஆழப் பதிகிறது.

புத்தி பேதலிக்கும் நோயைப்பற்றியும் சொல்லவேண்டும். சுவீடன் தேசத்தில் படைக்கு எடுக்கப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்துவந்த ஓர் ஆராய்ச்சி 1987ல் வெளியாயிற்று. 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு, ஸ்கிட்சோபிரீனியா என்னும் மனநோய் மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாய்க் கண்டது. அந்த ஆறு மடங்குக்கும் கஞ்சா ஒன்றே காரணமென்று கூறிவிட முடியாது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆயினும் பின் வந்த ஆராய்ச்சிகளும் அதே திசையைக் காட்டுகின்றன. குடும்பத்தில் அப்படிப்பட்ட நோய் முன்னரே இருந்தால் ஆபத்து அதிகம். நாட்டுக் கலவரத்தையும் போரையும் கண்டு, மனக்காயத்தோடு வந்த குடும்பங்கள் நாம். அத்தகைய நோய் நம் சுற்றத்தில் இருந்தால், அதை மூடிமறைக்காமல் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லிவைப்பது பெற்றோர் கடமை.

4. அடிமைப்பட்ட பிள்ளையின் வீட்டில்

இந்தச் சட்டம் அப்படிப்பட்ட வீட்டாரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது, ஒன்றைக் கொடுத்துமிருக்கிறது.

எடுத்துக்கொண்டது, பயம் என்னும் கருவி. முன்பு "பொலிஸ் பிடிக்கும்" என்றால் பேச்சு முடிந்துவிடும். இப்போது முடிவதில்லை. பழக்கத்தை விட முயலும் பிள்ளை பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியிலே கடையைக் காண்கிறான். அடுத்த வீட்டு மாடத்திலிருந்து வரும் வாசனையை முகர்கிறான். குடியை விட்டவனுக்குச் சாராயக் கடை வாசல் எப்படியோ, இவனுக்கு இத்தெரு அப்படி. வளர்ந்தவர் சிலருக்குப் பொழுதுபோக்காய்த் தோன்றும் ஒன்று, பலவீனப்பட்ட ஒருவனுக்குப் பாதாளமாகிறது. இந்தப் பெற்றோரின் கண்ணீரைச் சட்டம் இயற்றுவோர் போதிய அளவு எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பிரஜைகள் என்ற முறையில், கடைகளின் தொகையையும் இடத்தையும்பற்றி நகரசபை உறுப்பினரிடத்தில் மரியாதையோடு எடுத்துச் சொல்லவும் உரிமையுண்டு.

கொடுத்தது என்ன? ஒளிவுமறைவின்றி உதவி கேட்கும் சுதந்திரம். பாவிப்பதே குற்றமாயிருந்த காலத்தில், "டொக்டரிடம் சொன்னால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகுமோ" என்று தாய்மார் நடுங்கினார்கள். இன்று அந்த நடுக்கத்துக்கு இடமில்லை. ஆனால் நம்மவர் பலர் இன்னும் அந்தச் சுதந்திரத்தை உபயோகிப்பதில்லை. அவர்கள் பொலிஸுக்குப் பயப்படவில்லை. ஊர் வாய்க்குப் பயப்படுகிறார்கள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம். மகன் இப்படியென்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். ஆகவே அறைக் கதவைச் சாத்தி, "அவனுக்குத் தலையிடி" என்று வந்தவர்களுக்குச் சொல்லுகிறார்கள். ஒரு வருஷம் தலையிடி, இரண்டு வருஷம் தலையிடி. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் நோய் வளர்கிறது.

இதை நோயென்று சொன்னேன். காரணமில்லாமலல்ல. பழக்கம் முற்றினால் சித்தத்தின் சுயாதீனம் குறைகிறது என்பது நமது நீதிசாஸ்திரத்தின் பழைய போதகம். சித்தம் குறைந்த அளவுக்குக் குற்றத்தின் பாரமும் குறைகிறது. ஆனால் சுகமடைய வழி தேடும் கடமை குறைவதில்லை. எனவே, "எல்லாம் திமிர்" என்று அடிப்பதும் தவறு. "பாவம், அவனால் என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுவதும் தவறு.

பெற்றோர் அறியவேண்டிய அடையாளங்கள் சில உண்டு. காலையில் எழுந்தவுடன் அதையே தேடுதல், படிப்பிலும் விளையாட்டிலும் இருந்த ஆசை அற்றுப்போதல், பழைய சிநேகிதரை விட்டுப் புதியவரோடு மட்டும் திரிதல், பணம் காணாமற்போதல் முதலியன. இன்னொன்று, பலரும் அறியாதது: நெடுநாள் பாவித்த சிலருக்கு அடிக்கடி கடுமையான வாந்தி உண்டாகும்; சுடுநீரில் நெடுநேரம் குளித்தால் மட்டும் சற்றே ஆறும். இதை வைத்தியர்கள் 2004ஆம் ஆண்டு முதல் ஒரு தனி நோயாக அறிந்திருக்கிறார்கள். வயிற்றுக் கோளாறென்று எண்ணிக் கசாயம் கொடுத்துக்கொண்டிராமல், டொக்டரிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.

பிள்ளை பழக்கத்தை விடத் தொடங்கும்போது, முதல் வாரம் மிகக் கடினம். நித்திரை வராது, சாப்பாடு பிடிக்காது, எரிந்து விழுவான், வியர்க்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தளவில் இது தணியும். இதை அறியாத வீட்டார், "விட்ட பிறகுதான் இன்னும் மோசமாகிவிட்டான்" என்று மனமுடைந்துபோகிறார்கள். அந்த நாட்களில் புத்திமதி வேண்டாம். கஞ்சியும் ரசமும், அமைதியான வீடும், பக்கத்தில் ஒருவரும் போதும்.

5. அர்ச். மோனிக்கம்மாள் காட்டிய வழி

மகனுக்காகக் கண்ணீர் விட்ட தாய் என்று அர்ச். மோனிக்கம்மாளை நாம் எல்லாரும் அறிவோம். அவளுடைய சரித்திரத்தில் மூன்று சங்கதிகளை மகன் அர்ச். அகுஸ்தீனே தமது பாவ அறிக்கை நூலில் எழுதிவைத்திருக்கிறார். இவை நமது காரியத்துக்கு மிகவும் பொருந்தும்.

முதலாவது சங்கதி: மோனிக்கம்மாள் சிறுமியாயிருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டுவர வீட்டார் அவளை அனுப்புவார்கள். விளையாட்டுக்காக உதட்டளவு சுவைத்தாள். நாளுக்குநாள் சிறிது கூட்டி, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் வேலைக்காரப் பெண்ணொருத்தி சண்டையில், குடிகாரியென்று அவளை முகத்துக்கு நேரே ஏசினாள். அந்தச் சொல் தைத்தது. பழக்கத்தை அன்றோடு விட்டாள். அர்ச்சியசிஷ்ட தாய்க்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. ஆகவே, பிள்ளை விழுந்தானென்றால் அந்தக் குடும்பமே கெட்ட குடும்பமென்று எவரும் விரல் நீட்டவேண்டாம்.

இரண்டாவது: அகுஸ்தீன் மணிக்கேயர் என்னும் பதிதருடைய கொள்கையில் விழுந்தபோது, தாய் அவரைத் தன் வீட்டில் சேர்க்கவும் ஒரே மேசையில் போசனம் பண்ணவும் மறுத்தாள். பிற்பாடு ஒரு கனவினால் தேற்றப்பட்டு, மகனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாள். அவருடைய தப்பறையை அவள் ஒருபோதும் ஏற்கவில்லை, மகனை ஏற்றுக்கொண்டாள். பழக்கத்துக்கு "இல்லை" என்றும், பிள்ளைக்கு "ஆம்" என்றும் ஒரே வாயால் சொல்லப் பழகுவதே பெற்றோரின் கஷ்டமான பாடம்.

மூன்றாவது: மகனோடு வாதாடி அவரைத் திருத்தும்படி ஒரு மேற்றிராணியாரை மோனிக்கம்மாள் கெஞ்சினாள். அவரோ மறுத்தார். அந்த இளைஞன் இன்னும் கேட்கும் பக்குவத்தில் இல்லை, இப்போதைக்கு விட்டுவிட்டு மன்றாடு என்றார். போதையிலிருக்கும் பிள்ளையிடம் நள்ளிரவில் வாதாடுகிற தகப்பன்மார் இதைக் கவனிக்கவேண்டும். தெளிந்திருக்கும் நேரத்தில், சுருக்கமாய், ஒருமுறை பேசுவது, போதையில் நூறுமுறை கத்துவதிலும் நன்று. அகுஸ்தீன் 387ஆம் ஆண்டில் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அதுவரை காத்திருந்தாள்.

6. பெற்றோரின் வினாக்களும் விடைகளும்

*வினா: "அப்பா விஸ்கி குடிக்கலாம், நான் மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?*

விடை: வார்த்தையால் சொல்வதற்கு முன், தகப்பன் தன் கிளாஸைக் கீழே வைப்பது உத்தமம். பிறந்தநாள் விருந்தில் தகப்பன் தள்ளாடுவதைக் கண்ட பிள்ளைக்கு மிதத்தைப்பற்றிய பிரசங்கம் ஏறாது. மகன் குணமடையும்வரை வீட்டில் எந்தப் போதையும் வேண்டாமென்று குடும்பமாய்த் தீர்மானிப்பது பெரிய பரித்தியாகம், பெரிய மருந்துமாகும்.

*வினா: வெளியே போய்க் கண்டவரோடு புகைப்பதிலும், வீட்டுக்குள்ளே புகைக்க விட்டால் நல்லதல்லவா?*

விடை: அல்ல. இளைய பிள்ளைகளின் கண்ணுக்கு அது அனுமதிச் சீட்டாகும். வயது நிறையாதவனுக்கு நீங்களே வாங்கிக்கொடுத்தால் குற்றமுமாகும். ஆனால் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவையுங்கள்: "எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும், வாகனம் ஓட்டாதே, ரெலிபோன் எடு, அப்பா வந்து ஏத்துவன்." அழைத்துவரும் வழியில் ஏசக்கூடாது. மறுநாள் பேசலாம்.

*வினா: கடனைக் கட்டாவிட்டால் அடிப்பார்களென்று பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?*

விடை: ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் தூரதேசத்துக்குப் பணம் அனுப்பியதாகச் சுவிசேஷத்தில் இல்லை. உணவு, உடை, மருந்து, கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றை நீங்களே நேரில் செலுத்துங்கள். கையில் காசு கொடுக்கவேண்டாம். மெய்யாகவே பயமுறுத்தல் இருந்தால், அது பொலிஸாரிடம் போகவேண்டிய காரியம்.

*வினா: வீட்டைவிட்டு வெளியேற்றலாமா?*

விடை: வயது வராத பிள்ளையை ஒருபோதும் வெளியேற்றலாகாது. வளர்ந்தவன் கை நீட்டினால், அல்லது வீட்டில் வைத்து விற்றால், அல்லது சிறுவர்களுக்கு ஆபத்தானால், வேறிடத்தில் தங்கச் சொல்லலாம். அப்போதும் அவன் எங்கே தங்குவான், எப்படிச் சாப்பிடுவான் என்று விசாரித்துச் சொல்லுங்கள். கோபத்தில் சொல்லாமல், தாயும் தகப்பனும் ஒரே மனதாய்ச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியையும் அதே பேச்சில் காட்டுங்கள்.

*வினா: ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்கு, அம்மம்மாவிடம் அனுப்பிவிட்டால் திருந்துவானா?*

விடை: பலர் இதை நினைக்கிறார்கள். நோய் பயணப் பெட்டியோடு கூடவே போகும். ஊரிலும் கஞ்சா கிடைக்கும். அங்கே அதை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். இங்குள்ள வைத்தியரையும் ஆலோசகரையும் இழந்து, முதிய பாட்டியின் தலையில் சுமையை ஏற்றுவது தீர்வாகாது. சிகிச்சை இங்கே தொடங்கித் தேறின பிறகு, விடுமுறைக்குப் போய்வரட்டும்.

*வினா: உதவியை எங்கே தொடங்குவது?*

விடை: குடும்ப டொக்டரிடம் தொடங்குங்கள். ஒன்ராறியோவில் "கொனெக்ஸ் ஒன்ராறியோ" என்ற சேவை 1-866-531-2600 என்ற இலக்கத்தில் இரவும் பகலும் கட்டணமின்றி வழிகாட்டுகிறது. பிள்ளை சம்மதிக்காவிட்டாலும் பெற்றோரே அழைக்கலாம். இல்லாதவற்றைக் கண்டும் கேட்டும் பிதற்றினால், அல்லது உயிரை மாய்ப்பேனென்று சொன்னால், தாமதியாமல் 911ஐ அழையுங்கள். குருவானவரிடமும் வாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்பது கல்லறைவரை இரகசியம். அறையில் பேசுவதும் வெளியே போகாது. ஆனால் ஜெபம் டொக்டருக்குப் பதிலல்ல, டொக்டரும் ஜெபத்துக்குப் பதிலல்லர். இரண்டும் வேண்டும்.

7. மற்றக் குடும்பங்களின் கடமை

பிள்ளைகள் சுகமாயிருக்கும் வீட்டாருக்கும் இந்தப் பாடத்தில் பங்குண்டு. 2024 யூன் 26ந் திகதி, போதைப்பொருளுக்கு எதிரான சர்வதேச தினத்தில், பாப்பரசர் பிரான்சிஸ், போதைக்கு அடிமைப்பட்ட ஒவ்வொருவரும் தனிச் சரித்திரமுள்ள ஒரு மனுஷர், அவரைக் கேட்டறிந்து, நேசித்து, இயன்றமட்டும் குணப்படுத்தவேண்டும் என்று நினைப்பூட்டினார். அப்படியிருக்க, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "இன்னாருடைய பெடியன் அப்படியாம்" என்று பேசுகிற நாக்கு என்ன செய்கிறது? ஒரு தாயை மறுபடியும் கதவைச் சாத்தச் செய்கிறது. புறணி பேசுவதையும் எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை என்பதை மறவாதிருங்கள். சம்பந்தம் பேசும் வீட்டார், தம்பியின் நோய்க்காக அக்காவைத் தள்ளிவிடலாகாது.

சட்டம் தண்டனையை நீக்கியதேயன்றி, விளைவை நீக்கவில்லை. பயத்தினால் இதுவரை சட்டம் செய்துவந்த வேலையை, இனி அன்பினாலும் உறுதியினாலும் வீடு செய்யவேண்டியிருக்கிறது. இது கடினமான வேலை. ஆனால் பெற்றோருக்கு என்றைக்கும் உரிய வேலை இதுவே.

இந்த வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியங்கள் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். ஒருநாள் இரவு, ரெலிபோனையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கிவைத்து, எல்லாரும் ஒன்றாயிருந்து சாப்பிடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளையிடம், "உன் சிநேகிதர் மத்தியில் இது எப்படி?" என்று கேட்டு, பதிலை இடைமறியாமல் கேளுங்கள். இரவு ஜெபமாலையில் ஒரு பத்து மணியை, நமது பங்கில் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் அழுகிற பெற்றோருக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் ஒப்புக்கொடுங்கள். அந்தப் பெற்றோரில் நீங்களும் ஒருவரானால், இந்த வாரத்திலேயே டொக்டரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு